திரும்பி வராத ஏணி: வாசகர் கேள்வி – பதில்

(நூலகராக 26 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவர் நம் கட்டுரையாளர். கடந்த 9 ஆண்டுகளாகத் தன் தெருவில் ஓர் இரவல் அலமாரியை நடத்துகிறார். அக்கம்பக்கத்தாரோடு பொருள்களைப் பகிர்வது, குப்பையைக் குறைப்பது, தெருவின் மரம் மண்ணைக் காப்பது பற்றிய உங்கள் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறார்.)

கேள்வி: அம்மா, எங்கள் குடியிருப்பில் 40 வீடுகள். ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் எடுக்கும் பொருள்களை ஒன்றாகச் சேர்த்து, வேண்டியவர்களுக்கு இரவல் தரலாம் என்று படிக்கட்டின் கீழே ஓர் அலமாரி வைத்தோம். டிரில்லிங் மெஷின், ஏணி, மடக்குக் கட்டில், சக்கர நாற்காலி எல்லாம் வந்து சேர்ந்தன. நான்கே மாதத்தில் ஏணியைக் காணோம். மெஷினின் பிட்டுகளில் மூன்று இல்லை. "மனிதர்கள் இப்படித்தான், மூடிவிடலாம்" என்கிறார் செயலாளர். மூடிவிடலாமா?
— இரண்டாம் மாடி வாசகி

பதில்: மூடாதீர்கள். ஏணி கடைசியாக யார் வீட்டுக்குப் போனது என்று உங்களால் சொல்ல முடியுமா? உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அலமாரி இருக்கிறது, பொருள்கள் இருக்கின்றன, செயலாளரின் கோபமும் இருக்கிறது. நோட்டுப் புத்தகத்தைப் பற்றி ஒரு வரி இல்லை.

திரும்பாத புத்தகங்களைத் தேடி வீடு வீடாகப் போயிருக்கிறேன். கதவைத் திறந்தவர்கள் முகத்தில் நான் கண்டது பெரும்பாலும் மறதியும் கூச்சமும்தான். புத்தகம் பீரோவின் மேலேயே கிடக்கும். நாள் கடந்துவிட்டது, இனி எந்த முகத்தோடு போவது என்று அவர் நூலகம் இருக்கும் தெருப்பக்கமே வராமல் இருந்திருப்பார். தாமதம் ஒரு வாரம் என்றால் மன்னிப்புக் கேட்கலாம். ஆறு மாதமானால் மன்னிப்புக் கேட்கவே வெட்கமாகிவிடும். உங்கள் ஏணியும் அப்படித்தான் ஏதோ ஒரு வீட்டுப் பால்கனியில் நின்றுகொண்டிருக்கும்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். லிஃப்ட் அருகே ஓர் அறிவிப்பு ஒட்டுங்கள்: "ஏணியை இந்த வாரத்துக்குள் எந்த நேரத்திலும் படிக்கட்டின் கீழே வைத்துவிடலாம். யாரும் எதுவும் கேட்க மாட்டோம்." சொன்னபடியே யாரும் எதுவும் கேட்காதீர்கள். எங்கள் தெருவில் செடி வெட்டும் நீளக் கத்தரி ஒன்று ஏழு மாதம் காணாமல் போயிருந்தது. இப்படி எழுதி ஒட்டிய மூன்றாம் நாள் காலை அது என் வீட்டுக் கேட்டில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. இரு அலகும் தீட்டப்பட்டு, திருகில் எண்ணெய் போட்டிருந்தது. எடுத்துப் போனவர் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் நான் முயலவில்லை.

பிறகு நோட்டைத் தொடங்குங்கள். ஐந்து கட்டங்கள் போதும்: பொருளின் எண், வாங்குபவர் பெயரும் வீட்டு எண்ணும், எடுத்த நாள், தரவேண்டிய நாள், திரும்பியபோது இருந்த நிலை. எண்ணைப் பொருளின் மேலேயே எழுதிவிட வேண்டும். எங்கள் ஏணியின் அடிப்படியில் சிவப்புப் பெயின்டில் 7 என்று இருக்கிறது. அதை யார் வீட்டுச் சுவரில் சாய்த்து வைத்திருந்தாலும் தெருவில் போகிறவருக்குத் தெரியும். பிட்டுகளுக்கு ஒரு மரத்துண்டை எடுத்து வரிசையாகத் துளை போட்டு, ஒவ்வொரு துளையின் கீழும் அளவை எழுதி வையுங்கள்: 3, 4, 5, 6, 8, 10. பிட் இல்லாத துளை, பல் விழுந்த இடம்போலப் பார்த்தவுடன் தெரியும். திருப்பித் தருபவரே அதைப் பார்த்துவிட்டு, "வீட்டில் விட்டுவிட்டேன், இதோ வருகிறேன்" என்று ஓடுவார். அந்த மரத்துண்டு வந்த பிறகு எங்கள் அலமாரியில் ஒரு பிட்கூடக் காணாமல் போனதில்லை.

இன்னொன்று. எந்நேரமும் திறந்து கிடக்கும் அலமாரி யாருடையதும் அல்ல. எங்களுடையது புதன் மாலை ஒரு மணி நேரம், ஞாயிறு காலை ஒரு மணி நேரம் மட்டுமே திறக்கும். அந்த நேரத்தில் ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்.

செயலாளரிடம் இதையும் சொல்லுங்கள். பொதுச்சொத்து என்றால் ஆளாளுக்குச் சுரண்டிப் பாழாக்கித்தான் தீர்வார்கள் என்ற எண்ணம் அறிஞர்களிடமும் நெடுநாள் இருந்தது. காடு, மேய்ச்சல் நிலம், பாசனக் கால்வாய், மீன்பிடிப் பகுதி ஆகியவற்றை ஊர் மக்களே பல தலைமுறைகளாகக் காத்து வந்த இடங்களை எலினோர் ஆஸ்ட்ரம் என்ற அமெரிக்க அறிஞர் தேடித் தேடி ஆராய்ந்தார். நிலைத்து நின்ற ஏற்பாடுகளுக்குப் பொதுவான எட்டுக் கூறுகளை 1990-இல் எழுதினார். 2009-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண் அவர்தான். யார் பயன்படுத்தலாம் என்பது தெளிவாக இருக்கும். விதியைப் பயன்படுத்துபவர்களே வகுப்பார்கள். கண்காணிப்பவரும் அவர்களில் ஒருவராகவோ அவர்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவராகவோ இருப்பார். முதல் தவறுக்குச் சிறிய தண்டனை, மீண்டும் மீண்டும் செய்தால்தான் பெரியது. இவை அந்த எட்டில் சில. நான்கு மாதத்தில் ஏணி போனதும் கடையையே மூடுவது, முதல் தவறுக்கே 40 வீட்டுக்கும் சேர்த்துத் தரும் பெரிய தண்டனை.

சக்கர நாற்காலிக்கு மட்டும் தரவேண்டிய நாள் என்ற கட்டத்தை வெறுமையாக விடுங்கள். ஊன்றுகோலுக்கும் வாக்கருக்கும் அப்படியே. அவை திரும்பி வரும்போது அந்த வீட்டில் ஒன்று ஆள் தேறியிருப்பார், அல்லது இல்லாமல் போயிருப்பார். அந்தக் கதவைத் தட்டி நாள் கணக்குக் கேட்கக் கூடாது.

கேள்வி: இரவல் வாங்கியவர் கையில் மெஷின் எரிந்துபோனால் யார் பொறுப்பு? இதில் இரண்டு வீட்டார் பேச்சுவார்த்தையே நின்றுவிட்டது.
— ஒரு வாசகர்

பதில்: தேய்ந்து பழுதானால் பொதுநிதி ஏற்கவேண்டும், தவறாகப் பயன்படுத்தியதால் பழுதானால் வாங்கியவர் ஏற்கவேண்டும். இதில் எது என்று சண்டை வருவதற்குக் காரணம், கொடுத்த அன்று யாரும் அதை ஓடவிட்டுப் பார்க்காததுதான். கொடுக்கும்போது ஒருமுறை, வாங்கும்போது ஒருமுறை, இருவரும் நிற்கையில் அரை நிமிடம் ஓட்டிப் பாருங்கள். அது ஓடும் சத்தத்திலேயே பாதி வழக்கு தீரும். பேசாமல் இருக்கும் இரு வீட்டாருக்காக இந்த ஒருமுறை செலவைப் பொதுநிதியே ஏற்கட்டும். மெஷினை வாங்கிவிடலாம், பக்கத்து வீட்டை எங்கே வாங்குவது?

கேள்வி: மாதம் ஒருநாள் எல்லோரும் கூடி, உடைந்த பொருள்களைச் சரிசெய்யும் 'பழுது நாள்' நடத்த ஆசைப்படுகிறோம். இலவசமாகச் செய்தால், பழுதுபார்த்துப் பிழைப்பவரின் வயிற்றில் அடிப்பதாகாதா? நானே அந்தத் தொழிலில் இருந்தவன் என்பதால் கேட்கிறேன்.
— ஓய்வுபெற்ற மெக்கானிக்

பதில்: ஐயா, உங்களைப் போன்ற ஒருவர் இதைக் கேட்பதில் எனக்கு மகிழ்ச்சி. நாங்கள் தொடங்கிய நாளில் இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. இரண்டாம் மாதம் எங்கள் பகுதியில் மின்சாதனங்கள் பழுதுபார்க்கும் ஒருவர் வந்து வாசலில் நின்றபோதுதான் எங்களுக்கே உறைத்தது. அவரை உள்ளே அழைத்து உட்காரவைத்தோம். அன்று மேசைக்கு வந்த பொருள்களைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "இதில் ஒன்றும் என்னிடம் வந்திருக்காது. எல்லாம் குப்பைக்குப் போயிருக்கும்." இப்போது எங்கள் சுவரில் பகுதியில் உள்ள தையற்காரர், செருப்புத் தைப்பவர், சைக்கிள் கடைக்காரர் உள்பட அத்தனை பழுதுபார்ப்போரின் பட்டியலும் இருக்கிறது. எங்களால் ஆகாதவற்றை அவர்களிடம் அனுப்புகிறோம். பொருளின் வயிற்றை ஒருமுறை திறந்து பார்த்தவர், அடுத்த முறை அதை எளிதில் தூக்கி எறிய மாட்டார். பழுதுபார்ப்பவரைத் தேடிப் போவார்.

இந்த முறையைப் பரவலாக்கியவர் நெதர்லாந்தின் மார்டின் போஸ்ட்மா என்ற பத்திரிகையாளர். 2009 அக்டோபரில் ஆம்ஸ்டர்டாமில் முதல் கூட்டத்தை நடத்தினார். இன்று பல நாடுகளில் ஆயிரக்கணக்கான இடங்களில் நடக்கிறது. இதன் உயிர்நாடியான விதி, பொருளைக் கொடுத்துவிட்டு எழுந்து போகக் கூடாது என்பது. உடையவர் பக்கத்திலேயே உட்கார வேண்டும். திருப்புளி அவர் கையில் இருந்தால் இன்னும் நல்லது.

சென்ற ஆண்டு ஓர் இளம்பெண் சீலிங் ஃபேன் ஒன்றைத் தோளில் சுமந்து வந்தார். சுவிட்சைப் போட்டால் 'உம்'மென்று உறுமல் மட்டும். இறக்கையைக் கம்பால் லேசாகத் தள்ளிவிட்டால் சோம்பலாகச் சுற்றும். புதியது வாங்கிவிடு என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். மேசையில் பழைய துணியை விரித்து, மேல் கிண்ணத்தைத் தளர்த்தியதும் பட்டுப்போன்ற கறுப்புத் தூசி கொட்டியது. உள்ளே தீப்பெட்டியளவு கறுப்புப் பெட்டி, இரண்டு வயர்கள், மேலே 2.5 மைக்ரோஃபாரட் என்ற எழுத்து. அதுதான் கண்டென்சர். ஒரு பக்கம் உப்பியிருந்தது. "இந்தத் துக்கடாவுக்காகவா இதைத் தூக்கிப்போட இருந்தேன்?" என்று அவர் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். மோட்டார் கிளம்பும்போது திசை காட்டித் தள்ளிவிடுகிற வேலை அந்தப் பெட்டியுடையது. அது செத்தால் மோட்டாரில் வலு இருந்தும் எழ முடியாது. புதிய கண்டென்சரை அவரே இணைத்தார். ஃபேன் சுற்றியது. அடுத்த மாதம் அவர் மேசையின் மறுபக்கம் வந்து உட்கார்ந்துவிட்டார்.

உலகில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் குப்பையான மின்னணுப் பொருள்கள் 6.2 கோடி டன். முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது அதில் 22.3 சதவீதம். ஒரு தெருவின் மேசை இதை மாற்றிவிடாது என்று எனக்குத் தெரியும். தயாரிப்பவர்கள் திறக்கக்கூடிய பொருளைச் செய்ய வேண்டும், உதிரிப்பாகம் தர வேண்டும். பிரான்ஸில் 2021 முதல் சில மின்சாதனங்களின் மேல், அதை எவ்வளவு எளிதாகப் பழுதுபார்க்கலாம் என்பதைப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு ஒட்டியாக வேண்டும். அதுபோன்ற சட்டத்தைக் கேட்கிற துணிவு, ஒரு முறையாவது திருகைக் கழற்றிப் பார்த்தவருக்குத்தான் வரும்.

உங்களுக்குத் தெரியாததல்ல, மற்றவர்களுக்காக எழுதுகிறேன்: மைக்ரோவேவ் அடுப்பைத் திறக்க அனுமதிக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் ஆளைக் கொல்லும் மின்சாரம் தேங்கியிருக்கும். உப்பிய செல்போன் பேட்டரியைக் குத்தவோ வளைக்கவோ கூடாது.

கேள்வி: குடியிருப்பின் உரத்தொட்டி நாறுகிறது. தரைத்தள வீட்டார் புகார் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். சமையலறைக் கழிவை இனிக் குப்பை வண்டியிலேயே போட்டுவிடலாமா?
— உரக்குழு உறுப்பினர்

பதில்: தரைத்தள வீட்டார் சொல்வது நியாயம். முதலில் அவர்களிடம் போய் அதை ஒத்துக்கொள்ளுங்கள். பிறகு அந்த நாற்றம் எப்படிப்பட்டது என்று அவர்களிடமே கேளுங்கள், ஏனென்றால் தொட்டியின் நோயை மூக்குதான் சொல்லும். அழுகிய முட்டை வாடை என்றால் உள்ளே காற்றில்லை, ஈரம் மிகுந்துவிட்டது. கண்ணில் நீர் வரவைக்கும் அம்மோனியா நெடி என்றால் பச்சைக் கழிவு மிகுந்து, சருகு குறைந்துவிட்டது. அனேகமாக உங்களிடம் இரண்டும் இருக்கும்.

மக்கவைக்கும் நுண்ணுயிர்களுக்குக் காற்றும் வேண்டும், கரிமமும் வேண்டும். 25 முதல் 30 பங்கு கரிமத்துக்கு ஒரு பங்கு நைட்ரஜன் என்பது அவற்றுக்கு உகந்த அளவு. வாளிக் கணக்கில் சொன்னால், நைட்ரஜன் மிகுந்த சமையலறைக் கழிவு ஒரு வாளிக்கு, கரிமம் மிகுந்த காய்ந்த சருகு இரண்டு அல்லது மூன்று வாளி. காற்று இல்லாமல் போனால் வேறு வகை நுண்ணுயிர்கள் பெருகி, நாற்றத்தோடு மீத்தேனையும் கிளப்பும். 20 ஆண்டுக் கணக்கில் மீத்தேன் கார்பன் டை ஆக்சைடைப்போல் ஏறத்தாழ 80 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயு. குப்பை வண்டியில் போட்டாலும் குப்பைமேட்டுக்கு அடியில் போய் அதே வேலைதான் நடக்கும்; நாற்றம் உங்கள் தரைத்தளத்துக்குப் பதில் வேறொருவர் வீட்டுக்குப் போகும்.

நாளைக் காலையிலேயே தொட்டியைக் கவிழ்த்து, சருகைக் கலந்து, கிளறி, மீண்டும் நிரப்புங்கள். ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு மட்டும் எட்டிப் பார்த்தால் ஈரம் சரி. தாரையாக ஒழுகினால் இன்னும் சருகு. பிழிந்த உருண்டை பொலபொலவென்று உதிர்ந்தால் தண்ணீர் தெளியுங்கள். நான்கு நாள் கழித்து ஓர் இரும்புக் கம்பியை நடுவில் செருகி, பத்து நிமிடம் விட்டு உருவிப் பாருங்கள். கையில் பிடிக்க முடியாத சூடு இருந்தால் குவியல் வேலை செய்கிறது. குவியல் நீள அகல உயரத்தில் மூன்றடியாவது இல்லையென்றால் இந்தச் சூடு தங்காது. அதனால்தான் வீட்டுக்கு வீடு சின்னத் தொட்டி வைப்பதைவிடக் குடியிருப்புக்கு ஒரு பெரிய தொட்டி நல்லது என்கிறேன்.

சருகுக்கு எங்கே போவது என்று கேட்காதீர்கள். உங்கள் தெருவில் யாரோ இன்று காலை அதைக் கூட்டிக் குவித்துத் தீ வைத்திருப்பார்கள். அவரிடம் ஒரு சாக்கைக் கொடுங்கள். தொட்டியின் மூடியில் ஒரு நோட்டைக் கட்டி, யார் எந்த நாள் கிளறினார்கள் என்று எழுதச் சொல்லுங்கள். அடுத்த மாதம் அந்த நோட்டைத் தரைத்தள வீட்டாரிடம் காட்டலாம்.

கேள்வி: பறவைகளுக்குத் தண்ணீர் வைக்கச் சொல்லி முன்பு எழுதியிருந்தீர்கள். வைத்தேன். இரண்டு வாரத்தில் அதில் கொசுப்புழு நெளிந்தது. சுகாதாரப் பணியாளர் வந்து எச்சரித்துவிட்டுப் போனார்.
— வருத்தத்துடன் ஒரு வாசகி

பதில்: தவறு என்னுடையது. தண்ணீர் வையுங்கள் என்றேன், அதை எப்படிப் பேணுவது என்று எழுதாமல் விட்டேன். மன்னியுங்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக 7 முதல் 10 நாள் போதும். ஆகவே இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மண்ணில் கொட்டிவிடுங்கள். கொட்டினால் மட்டும் போதாது. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில்தான் அது முட்டைகளை ஒட்டிவைக்கும். அவை காய்ந்துபோனாலும் பல மாதம் உயிரோடு காத்திருந்து, தண்ணீர் பட்டதும் பொரியும். நார் வைத்து உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். இரண்டு விரல் ஆழத்துக்கு மேல் தண்ணீர் வேண்டாம். நடுவில் ஒரு கரடுமுரடான கல்லை வையுங்கள், விழுந்த தேனீயும் ஏறிக்கொள்ளும். தேய்க்க நேரமில்லாத வாரத்தில் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் பொதுத்தோட்டத்து எலுமிச்சையின் இலைகளைப் புழு தின்கிறது. மருந்தடிக்க வேண்டும் என்று பாதிப்பேர் சொல்கிறார்கள். இயற்கையைக் காக்கத்தானே தோட்டம் போட்டோம்?
— கல்லூரி மாணவர்

பதில்: தம்பி, மருந்தடிக்கும் முன் எல்லோரையும் அந்தச் செடியின் முன் குந்தவையுங்கள். இலையின் மேல் பறவை எச்சம் போலக் கறுப்பும் வெள்ளையுமாக ஏதோ ஒட்டியிருக்கிறதா? கண்ணை அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள், அதற்குத் தலை இருக்கும். பறவை தன் எச்சத்தைத் தின்னாது என்பதால் இளம்புழு அந்த வேடத்தில் இருக்கிறது. வளர்ந்ததும் வேடத்தைக் கலைத்து இலைப் பச்சைக்கு மாறிவிடும். ஒரு துரும்பால் மெதுவாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து செந்நிறச் சாயலில் ஈரமான கவைக்கொம்பு ஒன்றை நீட்டும், கூடவே ஒரு நெடி வரும். எறும்பையும் பூச்சியையும் விரட்ட அதனிடம் இருக்கும் ஒரே ஆயுதம் அது. சில வாரத்தில் அகன்ற சிறகுள்ள வண்ணத்துப்பூச்சியாகப் பறக்கப்போவது அதுதான்.

வண்ணத்துப்பூச்சியை மட்டும் சொல்லி உங்கள் வழக்கை வெல்ல விரும்பவில்லை. வட அமெரிக்காவின் கரோலினா சிக்கடி நம் உள்ளங்கையில் அடங்கும் சின்னப் பறவை. அது ஒரு கூட்டுக் குஞ்சுகளை வளர்த்துப் பறக்கவிடுவதற்குள் 6,000 முதல் 9,000 புழுக்களைக் கொண்டுவந்து ஊட்டுகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். விதை தின்னும் பறவைகளிலும் மிகப் பெரும்பாலானவை குஞ்சுக்குப் பூச்சியைத்தான் ஊட்டுகின்றன. ஓட்டை விழாத இலைகளுடைய தோட்டத்தில் குஞ்சுக்கு இரை கிடையாது.

மரமாகிவிட்ட எலுமிச்சை இலையிழப்பைத் தாங்கும். முழங்கால் உயரக் கன்று என்றால் தாங்காது, அதில் இருக்கும் புழுக்களைக் கையால் எடுத்துப் பெரிய செடிக்கு மாற்றுங்கள். மருந்து வேண்டும் என்ற பாதிப்பேருக்கும் அந்த வேலையில் பங்கு கொடுங்கள்.

கேள்வி: தெருமுனையில் ஒரு காலி மனை. புதரை வெட்டிச் சுத்தம் செய்யலாம் என்கிறார்கள் சிலர். மியாவாக்கி முறையில் காடு வளர்க்கலாம் என்கிறோம் நாங்கள். உரிமையாளர் இரண்டுக்கும் சம்மதிக்கிறார். உங்கள் ஆதரவு யாருக்கு?
— இளைஞர் குழு

பதில்: இப்போதைக்கு இருவருக்கும் இல்லை. கோபப்படாமல் மேலே படியுங்கள்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் நாங்களும் இப்படி ஒரு மூலையைச் சுத்தம் செய்தோம். 60 கன்றுகள் நட்டோம். படம் எடுத்துக்கொண்டோம். அந்த மண்ணில் பென்சில் நுழையும் அளவுக்குச் சின்னச் சின்னத் துளைகள் இருந்ததை நானே பார்த்திருந்தேன். எறும்புப் புற்று என்று நினைத்து, கொண்டுவந்த வண்டல் மண்ணை அதன் மேலேயே கொட்டினோம். அவை தனித்து வாழும் தேனீக்களின் கூடுகள் என்று பின்னால்தான் தெரிந்தது. உலகில் 20,000-க்கு மேற்பட்ட தேனீ இனங்கள் உண்டு. அவற்றில் ஏறத்தாழ 70 சதவீதம் கூட்டமாக அடை கட்டாமல், இப்படி வெற்று மண்ணில் குடைந்து முட்டையிடுபவை. பூவைத் தேடி வரும் அவற்றுக்காகத்தான் காடு வளர்ப்பதாகச் சொன்னோம், அவற்றின் வீட்டை மூடிவிட்டு. அந்தத் துளைகளை மறுபடி அங்கே நான் பார்க்கவில்லை.

ஜப்பானிய தாவரவியலாளர் அகிரா மியாவாக்கியின் முறை நல்ல முறை. அந்த நிலத்தில் இயல்பாக வளரக்கூடிய பல இன மரம், சிறுமரம், செடிகளை ஒரு சதுர மீட்டருக்கு மூன்று கன்று என்ற நெருக்கத்தில் கலந்து நட வேண்டும். முதல் இரண்டு மூன்று ஆண்டு தண்ணீரும் களையெடுப்பும் தேவை. சிதைந்துபோன, முன்பு காடாக இருந்த நிலத்துக்கு அது பொருந்தும். இயல்பிலேயே புல்வெளியாகவோ சதுப்பாகவோ இருந்த இடத்தில் நெருக்கி மரம் நட்டால், அங்கே ஏற்கெனவே வாழ்பவற்றை வெளியேற்றுகிறோம். உங்கள் மனை இதில் எந்த வகை?

அதைத் தெரிந்துகொள்ள ஓராண்டு பாருங்கள். வாரம் ஒரு நாள், அதே நேரம், அதே இடத்தில் 15 நிமிடம் நின்று, கண்ணில் படுவதை எல்லாம் எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் வரைந்து வையுங்கள். அமெரிக்காவில் 1998-இல் தொடங்கி இப்போது உலகெங்கும் பிப்ரவரியில் நான்கு நாள் நடக்கும் வீட்டுப்புறப் பறவைக் கணக்கெடுப்பிலும் கேட்பது இவ்வளவுதான்: 15 நிமிடமாவது நில், பார்த்ததை எண்ணு, எழுது. சின்னப் பிள்ளைகளும் சேர்ந்துகொள்கிறார்கள். ஓராண்டு முடிவில் புதரை வெட்டச் சொன்னவர்களிடம் அந்த நோட்டைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அதற்குள் குப்பையையும் கண்ணாடித் துண்டுகளையும் மட்டும் பொறுக்கி எடுங்கள். அதில் இரு தரப்பும் சேரலாம். நடைபாதையோரம் இரண்டடி அகலத்துக்கு வெட்டி விடுங்கள், பாம்பு பயம் உள்ளவர்கள் நிம்மதியாக நடப்பார்கள்.

கேள்வி: ஐந்து ஆண்டாக எங்கள் தெருவில் இந்த வேலைகளை எல்லாம் நான் ஒருத்தியே இழுத்துக்கொண்டு போகிறேன். நான் வராத ஞாயிறு எதுவும் நடப்பதில்லை. விடவும் மனமில்லை, தொடரவும் தெம்பில்லை.
— பெயர் வேண்டாம்

பதில்: உங்கள் கடிதத்துக்கு இரண்டு நாள் பதில் எழுதாமல் வைத்திருந்தேன். அது என் கடிதம்போலவே இருந்தது.

நான்கு ஆண்டுகளுக்கு முன் எனக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை. ஆறு வாரம் படுக்கை. அலமாரியின் சாவி என் கைப்பையில் இருந்தது. யாரும் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. அந்த ஆறு வாரத்தில் பின்தெருவில் ஒருவர் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து கிடந்தார். அவருக்கு வேண்டிய வாக்கர் பூட்டிய அலமாரிக்குள் இருந்தது. அது எனக்குத் தெரிந்தபோது அவர் மூன்று வாரம் நாற்காலியைத் தள்ளித் தள்ளி நடந்துவிட்டிருந்தார். அன்று சாவியில் இரண்டு நகல் எடுத்தேன்.

"யாராவது உதவுங்கள்" என்று குழுவில் எழுதியதை நிறுத்திக்கொண்டேன். ஆள் ஆளாகப் போய், "இரண்டாவது ஞாயிறு ஒன்பதிலிருந்து பத்துவரை நோட்டை நீங்கள் எழுத வேண்டும்" என்றேன். வேலை எது, நேரம் எவ்வளவு, எப்போது முடியும் என்று தெரிந்தால் மனிதர்கள் வருகிறார்கள். எல்லையில்லாத வேலைக்குத்தான் அஞ்சுகிறார்கள். எதிர்வீட்டுப் பதினாறு வயதுப் பையன் பொறுப்பேற்ற மாதமே, தரவேண்டிய நாளுக்கு முந்திய நாள் வாட்ஸ்ஆப்பில் நினைவூட்டத் தொடங்கிவிட்டான். என் நோட்டின் கட்டங்களையும் மாற்றினான். எனக்கு மனத்தாங்கல்தான். ஆனால் தாமதங்கள் பாதியாகக் குறைந்தன. அவன் கட்டங்களே இப்போது எங்கள் கட்டங்கள்.

இந்த ஞாயிறு நீங்கள் போகாதீர்கள். உடம்புக்கு முடியவில்லை என்று காரணமும் சொல்லாதீர்கள், வீட்டிலேயே இருங்கள். ஏன் திறக்கவில்லை என்று யாராவது வந்து கதவைத் தட்டுவார்கள். இந்த வாரம் இல்லாவிட்டால் அடுத்த வாரம். முதலில் வந்து தட்டுபவரை உள்ளே அழைத்து உட்காரவைத்து, இரண்டாவது சாவியை அவரிடம் கொடுங்கள்.